பெயர் சொல்லிச் செய்த ஜெபம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மனோரஞ்சிதம் மன்றாட்டுத் தாளில் எழுதியிராத ஒரு பெயரையும் சேர்த்து வாசித்தாள்.

டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் ஆங்கிலிக்கன் சபைக்குச் சொந்தக் கோயில் இல்லை. டேனிஷ்காரர் தங்கள் காலை ஆராதனை முடிந்தபிறகு, மாதத்தில் இரண்டு ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்குத் தங்கள் தேவாலயத்தைத் தந்தார்கள். நாற்பது பேர் வருவார்கள். பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்தவர். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு மூன்று குடும்பங்கள். ஒரு நைஜீரியத் தம்பதி. எந்த நாட்டவர் என்று கேட்காமலே பழகிவிட்ட சிலர். குருவானவர் இராசரத்தினம் ஹேர்னிங்கிலிருந்து காரில் வந்து திருவிருந்து நடத்திவிட்டுப் போவார். மற்றதெல்லாம் மனோரஞ்சிதத்தின் பொறுப்பு. சிறுவர் வகுப்பு, பூ, தேநீர், வெள்ளிக்கிழமைகளில் சபை மண்டபத்தில் யாரும் வந்து சாப்பிடலாம் என்று வைத்திருக்கும் பொதுச் சாப்பாடு. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. வாரநாட்களில் நகரசபைக்காக வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை.

அன்றைக்குக் குடும்ப ஆராதனை. பிள்ளைகளும் வகுப்புக்குப் போகாமல் பெற்றோருடன் உள்ளேயே இருந்தார்கள். நோயாளிகளுக்காக, போர் நடக்கும் நாடுகளுக்காக என்று தாளில் இருந்ததை வாசித்து முடித்தவள், ஒரு கணம் நிறுத்தினாள். மூன்றாவது வரிசையில் கயல் இருந்தாள். பக்கத்தில் அவளுடைய ஏழு வயது மகள் வைஷாலி.

“வேலையை இழந்து, இந்த நாட்டை விட்டே போகவேண்டி வருமோ என்ற கலக்கத்தில் இருக்கிற எங்கள் சகோதரன் வெங்கட்டுக்காக ஜெபிப்போம்” என்றாள் மனோரஞ்சிதம். தமிழ் தெரியாதவர்களுக்காக அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள்.

“ஆண்டவரே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்” என்று நாற்பது பேரும் சொன்னார்கள். கயல் சொல்லவில்லை. வைஷாலி அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டது. ஆராதனை முடிந்து தேநீர் மேசைக்கு மனோரஞ்சிதம் போவதற்குள் இருவரும் போய்விட்டார்கள்.

இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் கழுவும்போதுதான் கயல் அதைச் சொல்லியிருந்தாள். காற்றாலை நிறுவனத்தில் ஆட்குறைப்பு. அவளுடைய கணவன் வெங்கட்டின் விசா அந்த வேலையோடு கட்டுப்பட்டது. குறித்த நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் கோயம்புத்தூருக்குத் திரும்பவேண்டும். பாப்பாவுக்குத் தெரியாது, ஊரில் மாமனாருக்கும் தெரியாது. கடைசியாக, “யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. ப்ரே பண்ணிக்கோங்க” என்றாள்.

அந்த இரண்டு வசனங்களில் இரண்டாவதைத்தான் மனோரஞ்சிதம் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள்.

திங்கட்கிழமை காலை கயலுக்கு போன் எடுத்தாள். பதில் இல்லை. மதியம் எடுத்தாள். மாலையில் “சுகமா இருக்கிறீங்களோ?” என்று ஒரு செய்தி அனுப்பினாள். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. அதற்குமேல் ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை வேலையில் ஒரு கிழவிக்குக் காலுறை மாட்டிவிட்டு, மறுபடி கழற்றி, அதே காலுறையை மறுபடி மாட்டினாள். தவறான படிக்கட்டில் ஏறி, மூன்றாம் மாடி வரை போய், பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு இறங்கினாள். காரில் இருந்து போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

இரவுச் சாப்பாட்டில் அதைக் கணவரிடம் சொன்னாள். பாலேந்திரா சைவக்காரர். முப்பது வருடமாகத் தொழிற்சாலை வேலை. கோயில் விஷயங்களில் தலையிடமாட்டார்; சபைக்குக் கதிரை மேசை தூக்க மட்டும் வருவார்.

“அந்தப் பிள்ளைதான் ஜெபம் செய்யச் சொன்னது” என்றாள்.

“ஓம், செய்யச் சொன்னது. வாசிக்கச் சொன்னதோ?” என்றார் பாலேந்திரா.

மகள் மேனுஜா கோழிக்கறியிலிருந்து தலை நிமிர்த்தாமல், “டவுஸ்ஹெட்ஸ்ப்லிக்ட், அம்மா” என்றாள்.

அந்த டேனிஷ் சொல்லை மனோரஞ்சிதத்துக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்த மௌனக் கடமைக்குக் கையெழுத்து வைத்தவள். எந்த வீட்டில் யார் குடிக்கிறார்கள், யாருடைய பிள்ளைகள் எட்டிப்பார்ப்பதில்லை, யார் படுக்கையை நனைக்கிறார்கள் எல்லாம் பதினெட்டு வருடமாக அவளுக்குத் தெரியும். ஒரு சொல் வெளியே போனதில்லை, கணவரிடம்கூட. அங்கே பூட்டிய வாய் கோயிலில் மட்டும் ஏன் திறந்தது? சாப்பாட்டை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினாள். குசினியில் அடுப்படியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

குருவானவருக்கு போன் எடுத்தாள்.

“பாதர், நான் வாசிச்சது பிழையோ?”

“எனக்கு அப்பவே ஒரு மாதிரித்தான் இருந்தது, தங்கச்சி. ஆனால் நானும் சேர்ந்துதானே பதில் சொன்னனான்” என்றார் இராசரத்தினம். “அவையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவேண்டாம் எண்டு எல்லாருக்கும் ஒரு செய்தி போடட்டோ?”

“ஐயோ வேண்டாம் பாதர். அது இன்னொருக்கா வாசிக்கிற மாதிரி.”

“அப்ப கொஞ்ச நாள் பொறுங்கோ. ஆறட்டும்.”

பொறுக்க அவளால் முடியவில்லை.

புதன்கிழமை வேலை முடிந்ததும் நேரே வெங்கட் வீட்டுக்குப் போனாள். இரண்டாம் மாடி. கையில் ஒரு டப்பாவில் இடியப்பமும் சொதியும். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போய் அவளுக்குப் பழக்கமில்லை. படி ஏறித் திரும்பியவள் கதவருகே நின்றுவிட்டாள். மிதியடிக்குப் பக்கத்தில் ஐந்து டப்பாக்கள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. ஒன்றில் சபையில் மூத்தவளான மேர்சி அக்காவின் கையெழுத்தில் ‘ஆண்டவர் கைவிடமாட்டார்’ என்று ஒட்டியிருந்தது. ஒன்றும் திறக்கப்படவில்லை.

மனோரஞ்சிதம் கீழே இறங்கிப் போய், தன்னுடைய டப்பாவைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்ப ஏறி வந்து மணியை அழுத்தினாள்.

வெங்கட் கதவைத் திறந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டு கைகொடுப்பவன். இன்று கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“தம்பி, நான் மன்னிப்புக் கேக்க வந்தனான்.”

“உள்ள வாங்க” என்றான், வாசலிலிருந்து விலகாமலே. பிறகு விலகினான்.

அறையில் மடிக்கணினி திறந்திருந்தது. சோபாவில் ஒரு பள்ளிப்பை, ஜிப் மூட முடியாத அளவுக்கு நிரம்பி வழிந்தது. பொம்மை, வண்ணப் பென்சில், ஒரு குளிர்காலச் சப்பாத்து.

“அது வைஷாலி பேக் பண்ணினது” என்றான் வெங்கட். “திங்கக்கிழமை ஸ்கூல்ல டீச்சர்கிட்ட ‘நான் போறேன்’னு சொல்லி எல்லாரையும் கட்டிப்பிடிச்சிருக்கா. டீச்சர் எங்களுக்கு மெசேஜ் போட்டு, எப்போ கிளம்பறீங்கன்னு கேக்கறாங்க. பாப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானும் கயலும் மூணு வாரமா யோசிச்சிட்டிருந்தோம். நீங்க ஒரே நிமிஷத்துல சொல்லிட்டீங்க. ரெண்டு பாஷையில.”

மனோரஞ்சிதத்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“அப்புறம் போன். திங்கக்கிழமை மட்டும் பதினோரு பேர். ஒருத்தர் மீன் ஃபேக்டரில பேக்கிங் வேலை வாங்கித் தரேங்கறார். என் விசால அதைச் செய்ய முடியாதுன்னு அவருக்குத் தெரியல. எல்லாரும் நல்லவங்கதான். நான் குறை சொல்லல. ஆனா ஒவ்வொரு போனுக்கும் முதல்லேர்ந்து நான் சொல்லணும். நேத்து ஒரு இன்டர்வியூ இருந்தது. அதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி ஒருத்தர் கூப்பிட்டு எனக்காக அழறார்.”

“பிழை என்னிலதான் தம்பி.”

உள்ளறையிலிருந்து கயல் வந்தாள். கண் வீங்கியிருந்தது. அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மனோரஞ்சிதத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் உங்ககிட்டதான் சொன்னேன் அக்கா. சர்ச்கிட்ட சொல்லல.”

“ஓம்.”

“இவர்கிட்ட கேக்காமதான் சொன்னேன். இப்ப நான் இவர்கிட்டயும் பதில் சொல்லணும்.”

நல்லதுக்குத்தான் செய்தேன் என்ற வார்த்தை அவளுடைய வாயருகே வந்து நின்றது. விழுங்கிக்கொண்டாள். “நான் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ. அதை மட்டும் செய்யிறன்” என்றாள்.

வெங்கட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். வெளியே காற்று மரங்களைப் போட்டு உலுக்கியது.

“போன் நிக்கணும். சாப்பாடு நிக்கணும். எங்களுக்காக யாரும் வாய்விட்டு ஜெபிக்க வேண்டாம்” என்றான். “மனசுக்குள்ள செஞ்சா எனக்கு எப்படித் தெரியப்போகுது.”

திரும்பும்போது, வெளியே இருந்த ஐந்து டப்பாக்களையும் கேட்காமலே எடுத்துப்போவதா, கேட்டுவிட்டு எடுப்பதா என்று படிக்கட்டில் நின்று குழம்பினாள். கடைசியில் மறுபடி மணியை அழுத்திக் கேட்டாள். “எடுத்துட்டுப் போங்க” என்றான் வெங்கட். இம்முறை அவன் குரலில் களைப்பு மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பொதுச் சாப்பாட்டுக்கு முப்பது பேர் வந்தார்கள். சோறும் பருப்பும் கோழியும். உக்ரைன்காரப் பெண் ஒருத்தி கேக் கொண்டுவந்திருந்தாள். மனோரஞ்சிதம் ஒரு மேசையைக் கடக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் அவள் கையைப் பிடித்தார்கள். “வெங்கட் என்ன பாடு?” “டிக்கெற் போட்டாச்சோ?” “அந்தப் பிள்ளை பாவம்.” மண்டபமெல்லாம் ஒரே கேள்வியாக இருந்தது. அவள் ஓடி ஓடிப் பரிமாறினாள். தனித்தனியாக முப்பது பேரின் வாயை மூட முடியாது என்று தெரிந்ததும், கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு மண்டபத்தின் நடுவில் வந்து நின்றாள்.

“ஒரு விஷயம் சொல்லவேணும்” என்றாள். “போன ஞாயிறு நான் ஒரு பிழை விட்டனான். ஒருத்தர் நம்பிச் சொன்னதை அனுமதி கேக்காமல் எல்லாருக்கும் வாசிச்சுப்போட்டன். அது ஜெபம் எண்டு நினைச்சன். உண்மையாச் சொன்னால், எனக்குத்தான் முதல் தெரியும் எண்டொரு பெருமையும் அதுக்குள்ள இருந்தது. இனி அவைக்கு ஒருத்தரும் போன் எடுக்காதேங்கோ. சாப்பாடு கொண்டுபோகாதேங்கோ. என்னட்டையும் கேக்காதேங்கோ.”

மேர்சி அக்கா எழும்பினாள். அறுபத்தெட்டு வயது. சபை தொடங்கிய நாளிலிருந்து வருபவள்.

“அப்ப உதவி செய்யிறது பிழையோ, ரஞ்சி? நாங்கள் அகதியா வந்த நேரம் இப்பிடி ஆக்கள் கதவைத் தட்டினபடியால்தானே தப்பினனாங்கள்?”

“நாங்கள் கதவைத் திறந்து வைச்சிருந்தனாங்கள், அக்கா. அவை பூட்டி வைச்சிருக்கினம்.”

மேர்சி அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. மனோரஞ்சிதம் கழுவித் திருப்பிக் கொடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டு சாப்பாடு முடியுமுன் போய்விட்டாள். அவளோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். அதற்குப் பிறகு ஆறு வாரம் அவள் வெள்ளிக்கிழமைக்கும் வரவில்லை, ஆராதனைக்கும் வரவில்லை. கழுவித் துடைக்க ஆள் குறைந்தது. பாலேந்திரா கதிரையோடு பாத்திரமும் பார்த்தார்.

அடுத்த ஆராதனையில் மன்றாட்டு வாசிக்கமாட்டேன் என்று மனோரஞ்சிதம் குருவானவரிடம் சொன்னாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “விட்டுட்டு ஓடுறது சுகம். நீங்கள்தான் வாசிக்கவேணும். ஆனால் பேர் இல்லாமல்” என்றார். அப்படியே செய்தாள். பெயர்கள் வரும் இடத்தில் நிறுத்தி, “உங்கள் உங்கள் மனதில் இருப்பவர்களை ஆண்டவரிடம் சொல்லுங்கள்” என்றாள். ஒரு நிமிட மௌனம் அவளுக்குப் பத்து நிமிடமாக நீண்டது. யாரோ இருமினார்கள். ஒரு பிள்ளை சிணுங்கியது. காகிதத்தின் ஓரத்தை அவள் மடிப்பதும் விரிப்பதுமாக நின்றாள். மூன்றாவது வரிசையில் இடம் வெறுமையாக இருந்தது.

மே மாதத்தில் ஒரு நாள், வேலைக்கு நடுவே வெங்கட் வீட்டுத் தெருவால் போனாள். அந்தக் கட்டிடத்துக்கு முன்னால் ஒரு வாடகை வான் பின்கதவு திறந்தபடி நின்றது. வெங்கட் தனியாக ஒரு மெத்தையோடு வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் காரை மெதுவாக்கினாள். போகலாமா, நிற்கலாமா? தெருமுனை வரை போய்விட்டாள். வளைத்துத் திரும்பி வந்து நிறுத்தினாள்.

“பிடிக்கட்டோ, தம்பி?”

அவன் அவளைப் பார்த்தான். மூச்சு வாங்கியது. “அந்தப் பக்கம் பிடிங்க” என்றான்.

மெத்தையை ஏற்றினார்கள். பிறகு மேலே போய் ஒரு அலமாரி. “மெதுவா”, “சுவர்ல இடிக்குது”, “கொஞ்சம் தூக்குங்கோ” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஆட்களைத் தூக்கித் தூக்கிப் பழகிய அவள் கைகளுக்கு அலமாரி பாரமாகவே இல்லை. எங்கே போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அலமாரியை விடக் கடினமாக இருந்தது. வானுக்குள் கோயம்புத்தூர் போகும் சாமான் மாதிரியும் இருந்தது, பக்கத்துத் தெருவுக்குப் போகும் சாமான் மாதிரியும் இருந்தது.

கதவைச் சாத்திவிட்டு வெங்கட் தானாகவே சொன்னான். “டென்மார்க்லயே, ஓடென்ஸல வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை ஜாயின் பண்றேன். கயலும் பாப்பாவும் முன்னாடியே போயிட்டாங்க.”

அவளுக்குக் கண் நிறைந்தது. “நல்லது தம்பி. மிச்சம் நல்லது.”

“கயல் உங்ககிட்டப் பேசுவாளான்னு எனக்குத் தெரியல” என்றான். “நான் சொல்றேன், நீங்க வந்து தூக்கினீங்கன்னு.” கை நீட்டினான். அவள் பிடித்துக் குலுக்கினாள். வான் புறப்பட்டு, பெருந்தெருப் பக்கம் திரும்பி மறைந்தது.

அடுத்த கிழவர் வீட்டுக்கு அவள் இருபது நிமிடம் பிந்திப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தேநீர் மேசையில் மேர்சி அக்கா நின்றாள். முதல் தடவையாகத் திரும்ப வந்திருந்தாள். தேநீரை ஊதிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

“வெங்கட் வீட்டில பேர்ப்பலகை கழட்டியிருக்காம். ஊருக்குப் போயிட்டினமோ?”

நல்ல செய்தி தொண்டை வரை வந்து முட்டியது. ஓடென்ஸ் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மேர்சி அக்காவின் முகம் மலரும், ஆறு வாரக் கோபமும் அங்கேயே முடியும். கெட்ட செய்தியைக் காப்பதுதான் கடினம் என்று அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

“அக்கா, கயலின்ர நம்பர் உங்களிட்ட இருக்குத்தானே” என்றாள் மனோரஞ்சிதம். “அவ சொன்னால் கேளுங்கோ.”

மேர்சி அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சீனிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினாள். மனோரஞ்சிதம் தேநீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள். அங்கே நிறுத்தாமல் அதற்கடுத்த மேசைக்கும் போனாள்.