கதவுக்குக் கீழே இரண்டு அங்குலம்

பத்தொன்பதாவது மாடியில், இன்னும் கதவு பொருத்தப்படாத ஒரு குளியலறையின் வாசலில் உட்கார்ந்து அவன் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவனுடைய சொந்த வீட்டு ஹாலின் படம் கைப்பேசியில் வந்து சேர்ந்தது. அண்ணன் அனுப்பியிருந்தார். ‘ஹால் முடிஞ்சுது. இனி மூணு ரூம்தான்’ என்று கீழே எழுதியிருந்தது. வெளிர்சாம்பல் தரை, எள்ளைத் தூவியதுபோல் மெல்லிய புள்ளிகள். அண்ணனைக் கடையில் நிற்க வைத்து, ஒவ்வொன்றாக வீடியோவில் காட்டச் சொல்லி அவனே தேர்ந்தெடுத்த டைல்ஸ். ஒன்பது ஆண்டுகளாக வெளிநாட்டில் முகம் தெரியாதவர்களின் வீடுகளுக்குத் தரை ஒட்டிக்கொண்டிருந்தவனின் வீட்டிலும் ஒரு தரை அமைந்துவிட்டது. கண்ணில் நீர் கோத்ததற்குச் சிமெண்ட் தூசியைக் காரணம் காட்டிக்கொண்டு, படத்தைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் நீட்டினான்.

அங்கே அவனுக்கு ரசமட்டம் என்று பெயர். மட்டம் பார்க்கும் அந்தக் கருவியை வைப்பதற்கு முன்பே தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணால் சொல்லிவிடுவான். குழாய் வேலைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இந்த வேகத்துல தரை போட்டா, பல்லு கொட்டறப்போ நீ வீடு போய்ச் சேர்ந்துடலாம் ரசமட்டம். கடிச்சுச் சாப்பிடத்தான் பல்லு இருக்காது.”

அந்தக் கேலிக்கு ஒரு வரலாறு இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டில் எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்த நேரத்தில் அவன் அறிவித்தான்: “தரை போட்டு முடிஞ்ச அன்னைக்கு மூட்டையைக் கட்டிட்டு வந்துடுவேன். கடைசி டைல்ஸ நானே வந்துதான் ஒட்டுவேன்.” எல்லோரும் கைதட்டினார்கள். தன் வாயாலேயே அந்தத் தரைக்குத் தடை போட்டுவிட்டான் என்பது அவனுக்கு அப்போது தெரியவில்லை. கைதட்டியவர்களுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் படத்தை இரண்டு விரல்களால் பெரிதாக்கினான். பிறர் வேலையில் குறை தேடுவது அவனுடைய பழக்கம். இணைப்புகள் ஒரே அகலத்தில் இல்லை, அதை மன்னித்தான். படத்தின் இடது ஓரத்தில் ஒரு டைல்ஸ், தூணின் அடியைச் சுற்றிப் பொருந்துவதற்காக மூலை வெட்டப்பட்டிருந்தது. வெட்டுபவன் நிறுத்த வேண்டிய இடத்தில் மெஷினை நிறுத்தாமல் ஒரு விரற்கடை தாண்டியிருந்தான். அதையும் ஏறக்குறைய மன்னித்துவிட்ட பிறகுதான் உறைத்தது: அவன் வீட்டு ஹாலில் தூணே கிடையாது. வேண்டவே வேண்டாமென்று மேஸ்திரியோடு மல்லுக்கட்டி, தூண் இல்லாமல் வரைபடம் போட வைத்தவனே அவன்தான். தூண் இருந்தது அண்ணன் வீட்டில்.

‘நல்லா இருக்கு’ என்று பதில் அனுப்பினான். மறுநாள் காலையில் பதினைந்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தான்.

அவன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது பிற்பகல். மனைவி தூசி எழும்பாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சொரசொரப்பான சிமெண்ட் தரை. மேஸ்திரியின் கரணைத் தடம்கூட அப்படியே இருந்தது. அவள் முதலில் அவனைப் பார்த்தாள், அடுத்துத் தரையைப் பார்த்தாள், பிறகு ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள்.

“சொல்லாம வந்திருக்கீங்க.”

“சொல்லியிருந்தா, அதுக்குள்ள தரை முளைச்சிருக்குமா?”

அவள் பையை வாங்கிக்கொண்டாள். பையில் துணிமணிகளைவிட இரும்பு அதிகம்: ரப்பர் சுத்தியல், உளி, குண்டு முனை வைத்த மெல்லிய கம்பி, நீல மெழுகுக்கட்டி. கடைசி டைல்ஸை ஒட்டித் தட்டிப் பார்ப்பதற்கென்று அவன் எடுத்து வைத்திருந்தவை.

வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக நடந்தான். கதவுகள் நல்ல மரம். பூட்டுகள் நல்ல பூட்டுகள். ஆனால் எந்தக் கதவும் தரையைத் தொடவில்லை. சாந்தும் டைல்ஸும் ஏறுவதற்காக, அவன் சொன்னபடியே, இரண்டு அங்குலம் உயர்த்தி மாட்டியிருந்தார்கள். நான்கு ஆண்டுகளாக அந்த இரண்டு அங்குலம் காத்திருந்தது. ஒவ்வொரு கதவின் அடியிலும் பழைய துணியைக் கயிறுபோல் முறுக்கித் திணித்திருந்தாள். படுக்கையறைக் கதவின் அடியில் இருந்தது அவனுடைய பழைய சட்டை.

“எலி வருது. தேள்கூட ஒரு வாட்டி வந்துச்சு” என்றாள், அவன் பார்வை நின்ற இடத்தைப் பார்த்து.

“தினம் பேசறோம். வீடியோவில எப்பவும் தரை தெரியாம சுவத்தை ஒட்டியே உக்காந்திருப்ப. வெட்கம்னு நெனச்சேன். டைல்ஸ் அண்ணன் வீட்டுக்குப் போயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா அடுத்த ஃப்ளைட்ல வந்துடுவீங்க.” அவள் குரல் தாழவில்லை. “பொண்ணுக்கு நர்சிங் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. நீங்க வந்துட்டா அது பாதியில நிக்கும். அத்தை அதைத்தான் சொன்னாங்க. எனக்கும் சரின்னு பட்டுச்சு. தப்புன்னு தெரிஞ்சேதான் சரின்னு பட்டுச்சு.”

விமானத்தில் ஏறியதிலிருந்து சேர்த்துவைத்த கோபம் முழுவதும் அண்ணனுக்கென்று அளவெடுத்து வெட்டியது. அது இந்த இடத்தில் பொருந்தவில்லை. பொருந்தாததே அவனை மேலும் எரித்தது. கம்பியையும் மெழுகுக்கட்டியையும் மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த அண்ணன் வீட்டுக்கு நடந்தான்.

அண்ணன் வாசலிலேயே இரண்டு கைகளையும் விரித்து வரவேற்றார். “டேய், வாடா வாடா! ஒரு போன் போட்டிருந்தா கார் எடுத்துட்டு ஏர்போர்ட்டுக்கே வந்திருப்பேன்ல?” கார் வாங்கியதை அவன் இப்போதுதான் கேள்விப்படுகிறான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தான். குளிர்ச்சி பாதத்தில் ஏறியது. அவனுடைய எள்ளுப் புள்ளிகள் சுவருக்குச் சுவர் விரிந்து கிடந்தன. நடுவில், தூணைச் சுற்றி, அந்தத் தப்பு வெட்டு. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“எளச்சுட்டியேடா” என்றாள் அம்மா.

“தூண் நல்லா இருக்குண்ணே” என்றான் அவன்.

அண்ணன் சிரிக்க முயன்றார்; பாதியில் விட்டார். “லோடு வந்து இறங்கின நேரம் பாத்து உன் வீட்டுக்கு ஆள் கிடைக்கல. மழை வேற. வெளிய கெடந்து ஒடையறதுக்கு இங்க போட்டு வைப்போம்னு…”

“டைல்ஸ் மழையில கரையுமா?”

“உன் வீடு, என் வீடுன்னு எப்படா பிரிச்சோம்? உனக்கு வாங்கித் தர மாட்டேன்னா சொன்னேன்?”

“அவனை ஏண்டா கேக்கற?” அம்மா குறுக்கிட்டாள். “நான்தான் சொன்னேன். தரை போட்ட அன்னைக்கு வந்துடுவேன்னு சொன்னது யாரு? நீதானே? வந்து இங்க என்ன பண்ணுவ? உன்னை நம்பி ரெண்டு வீடு ஓடுது. என் மருந்து ஓடுது.”

“நான் எப்பதாம்மா வர்றது?”

“வர வேணாம்னு யாரு சொன்னா? இப்ப வேணாம்னுதான் சொல்றோம்.”

முப்பத்துமூன்று வயதில் புறப்பட்டவன். அந்த ‘இப்ப’ எவ்வளவு நீளம் என்று அந்த அறையில் இருந்த எவரும் அளந்து பார்த்ததில்லை. அளக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வாசற்படியை ஒட்டி மண்டியிட்டான். கம்பியின் குண்டு முனையால் முதல் டைல்ஸைத் தட்டினான். திடமான ஓசை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, வெற்றுப் பெட்டியைத் தட்டியதுபோல் பொள்ளென்றது: அடியில் சாந்து இல்லை. மெழுகுக்கட்டியை எடுத்து, மூலைக்கு மூலை, நீலத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

“என்ன பண்றாரு இவரு?” அடுக்களையிலிருந்து வந்த அண்ணி அங்கேயே நின்றுவிட்டாள்.

“டேய், எழுந்திருடா. அக்கம்பக்கம் பாக்குது.”

“பாக்கட்டும். அங்க தினமும் சாயங்காலம் சூப்பர்வைசர் என் வேலையை இப்படித்தான் பாப்பான். குறி விழுந்தா அன்னைக்குக் கூலி கட்.”

“தொடைச்சாப் போயிடுமா இது?” என்றாள் அண்ணி.

“தொடைச்சாப் போகாது அண்ணி. பேத்தாதான் போகும்.”

தட்டினான், குறித்தான். முழங்காலால் நகர்ந்து அடுத்த வரிசைக்கு வந்தான். அண்ணனும் அண்ணியும் அவன் வர வரச் சுவர்ப்பக்கம் ஒதுங்கினார்கள். அண்ணனின் குரல் இப்போது உயர்ந்தது. “பெரிய யோக்கியன் மாதிரி பண்ணாதடா! உன் பொண்டாட்டியும் ஒத்துக்கிட்டவதான். அவளைப் போய்க் கேளு!”

“ஒத்துக்கிட்டேன்” என்று வாசலிலிருந்து பதில் வந்தது. மனைவி பையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: “நாலு வருஷமா கதவுக்குக் கீழ துணி திணிச்சதும் நான்தான். அதுல நீங்க யாரும் பங்குக்கு வரல மாமா.” உள்ளே வந்து, முதல் பெருக்கல் குறியின்மேல் பையை வைத்தாள். உள்ளே உளியும் சுத்தியலும் உரசிக்கொண்டன. வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அவன் அடுத்த டைல்ஸைத் தட்டினான். அது திடமாக ஒலித்தது. ஒட்டியவன் கஞ்சத்தனம் பாராமல் சாந்து நிரப்பியிருந்தான். நல்ல வேலை. ஒன்பது ஆண்டுகளில் ஒரே ஒருமுறை, யார்மீதோ இருந்த எரிச்சலில், சூப்பர்வைசர் அவனுடைய நல்ல டைல்ஸில் குறி போட்டதுண்டு. அந்த அநியாயத்தை நினைத்து அவன் ஒரு வாரம் தூங்கவில்லை. இப்போது அவன் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு அந்த நல்ல டைல்ஸின் மீதும் மூலைக்கு மூலை கோடிழுத்தது. அதன்பின் அவன் எதையும் தட்டிப் பார்க்கவில்லை. குறி மட்டும் போட்டுக்கொண்டே போனான். அறையின் பாதி நீலமாயிற்று. மெழுகுக்கட்டி தேய்ந்து நகக்கண்ணுக்குள் ஏறியது.

நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான்.

“அம்மா, கொஞ்சம் எழுந்திரு.”

அம்மா எழுந்திருக்கவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. வீட்டைப் பெருக்குகிறவளுக்கு வழிவிடுவதுபோல், நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களையும் மட்டும் தரையிலிருந்து உயர்த்தினாள். வீங்கிய கணுக்கால்கள், ஆணி விழுந்த பாதங்கள். அவை அந்தரத்தில் நடுங்கின. அவன் அவற்றுக்கு அடியில் குனிந்தான். மிஞ்சியிருந்த நீலத்துணுக்கை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கம்பியை எடுத்து, குறி போடுவதற்கு முன் அந்த ஒரே ஒரு டைல்ஸை மட்டும் தட்டிப் பார்த்தான். பிறகு காதைத் தரையோடு வைத்தான். தலைக்குமேல் கால்கள் இறங்காமல் நின்றன.