நான்காவது திரையில் ஓடிய பஸ்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பழுதான பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மாரிக்கண்ணனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தேன். நான் கதை எழுதுகிறவன் என்று அவனுக்குத் தெரியும். பிரிண்டரைத் திறந்து போட்டுவிட்டு, அதைத் தொடாமல், ஒரு வீட்டு விஷயத்தைச் சொன்னான். சொல்லி முடித்ததும் கேட்டான்: "எத்தன கதைக்கு முடிவு எழுதிருப்பீய. இதுக்கு ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எழுதிப் பார்த்தால் தோன்றும் என்ற நப்பாசையில் எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தையல் மெஷினின் சத்தம் ஓய்ந்த வீட்டில் அந்தத் தாய்..."

வேண்டாம். உடனே நீங்கள் கைக்குட்டையை எடுத்துவிடுவீர்கள். ஞானபூரணத்தின் கணவர் சாம்சன் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் குறை ஒன்றும் கிடையாது. அந்த அம்மாள் பொழுது போகத்தான் ஜாக்கெட் தைக்கிறாள்.

அடுத்த தொடக்கம்: "ஜோஷ்வாவுக்கு வலிப்பு உண்டு." இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

ஜோஷ்வா அவர்களுடைய ஒரே மகன், பத்தொன்பது வயது. வலிப்பு இருப்பதால் பைக்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடப் படித்த பையன்கள் எல்லாம் வண்டியில் பறக்க, இவன் வீட்டில் உட்கார்ந்து பஸ் ஓட்டினான். கம்ப்யூட்டரில்தான். நம்மூர் பஸ்களின் நிறமும் பெயர்ப்பலகையும் அப்படியே வைத்த கேம் ஒன்று இருக்கிறது. அப்பா அனுப்பிய கம்ப்யூட்டரில் மூன்று மானிட்டர்: நடுவில் முன் கண்ணாடி, இரண்டு பக்கமும் ஜன்னல்கள். மாட்டிக்கொடுத்தது மாரிக்கண்ணன். திருவேங்கடம் போகிற பஸ்ஸை ஓட்டிக்கொண்டு அவன் திரும்புகிற அழகைப் பார்த்தால் நமக்கே டிக்கெட் எடுக்கத் தோன்றும் என்றான்.

(திரை வெளிச்சத்தால் வலிப்பு வராதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இவனுக்கு வந்தது அந்த வகை இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆகவே கேமின் மேல் பழி போட்டுத் தப்பிக்க எனக்கு வழியில்லை.)

3

வலிப்பு வந்து எங்கே விழுந்துவிடுவானோ என்று ஞானபூரணம் மகனின் அறையிலேயே உட்கார்ந்திருப்பாள். அவன் பல் துலக்கும்போதும் பக்கத்தில். போன் பேசும்போதும் பக்கத்தில். பதினைந்து வயதில் அதைச் சகித்துக்கொண்டான். பத்தொன்பதில் முடியவில்லை. ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, திறந்தால் மாத்திரை போடமாட்டேன் என்றிருக்கிறான்.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. கதவைச் சாத்திக்கொள்ளலாம், தாழ்ப்பாள் கூடாது. அவன் திரையில் தெரிவது அப்படியே ஹாலில் இருக்கும் டிவியிலும் தெரிய வேண்டும். பஸ் ஓடினால் பிள்ளை நன்றாக இருக்கிறான். நின்றது நின்றபடி இருந்தால் அம்மா ஓடிவருவாள். பிள்ளையைக் காக்க இப்படி ஒரு வழியை யோசித்த தாய்க்கு ஒரு கும்பிடு போடத்தான் தோன்றுகிறது.

மாரிக்கண்ணன் சுவரில் துளை போட்டு நீளமான கேபிள் இழுத்தான். நடு மானிட்டரில் தெரிவதே டிவியிலும் தெரியும்படி 'டூப்ளிகேட்' என்ற ஏற்பாட்டில் வைத்தான். ஞானபூரணம் டிவிக்கு எதிரே மெஷினைப் போட்டு, தைத்துக்கொண்டே பஸ்ஸைப் பார்த்தாள்.

4

ஒரு வாரத்தில் பையன் போன் செய்தான். டிவி, மானிட்டர் அளவுக்கு வேகம் இல்லாதது. அதோடு ஜோடி சேர்ந்ததால் மானிட்டரும் திணறுகிறது, ஓட்டவே முடியவில்லை என்றான். சொன்னது உண்மைதான். 'எக்ஸ்டெண்ட்' என்று மாற்றிவிட்டால் மானிட்டர் சரியாகிவிடும். ஆனால் அப்போது டிவி தனியாக நான்காவது திரை ஆகிவிடும். அதில் எதைப் போடுவது என்பது பையன் கையில்.

"கேமையே அதுலயும் போட்டுக்கிடுதேன் அண்ணே, அம்மாட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றானாம் ஜோஷ்வா. மாரிக்கண்ணன் மாற்றிக்கொடுத்தான். பிறகு வேறு வேலையாகப் போனபோது பார்த்தான்: டிவியில் பஸ் ஓடுகிறது, பையன் அறையில் கட்டிலில் படுத்திருக்கிறான். முன்பு ஓட்டியதைப் பதிவுசெய்து, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி நான்காவது திரையில் போட்டிருந்தான். ஹாலில் அம்மா நிம்மதியாகப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாரிக்கண்ணன் வாயைத் திறக்கவில்லை. வயசுப் பையன், கொஞ்சம் தனியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருக்கிறான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

5

அந்தத் தனிமையில் ஜோஷ்வா என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. இங்கே ஜெஸ்லின் என்று ஒரு பெண்ணை எழுதினேன். அவளோடு போனில் பேசத்தான் இத்தனை தந்திரமும் என்று

அடித்துவிட்டேன். காரணம் தேடுவது அவனுக்குச் செய்யும் அவமரியாதை. யாரும் பார்க்காமல் கொஞ்ச நேரம் சும்மா கிடக்க ஆசைப்பட்டிருப்பான். உங்களுக்கும் எனக்கும் அது கேட்காமலே கிடைக்கிறது.

6

இந்தப் பகுதியை எழுதாமல் தள்ளிப்போட்டேன். எழுதித்தான் ஆகவேண்டும்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிடுவதற்காக ஞானபூரணம் கதவைத் திறந்தாள். பையன் தரையில் குப்புறக் கிடந்தான். உயிர் இல்லை. ஹாலில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

போய் நேரமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நான் கதவைத் திறந்த நிமிஷம்தான் விழுந்திருக்கிறான், அதுவரை பஸ் நிற்கவே இல்லை, நானே பார்த்தேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பிள்ளை தவித்துக் கிடக்க நான் தைத்துக்கொண்டிருக்கவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

அடக்கத்துக்கு மறுநாள், அணைக்காமல் கிடந்த கம்ப்யூட்டரை அணைக்க மாரிக்கண்ணனைக் கூப்பிட்டார்கள். மூன்று மானிட்டரிலும் கேம் இல்லை, வெறும் முகப்புத் திரை. யாரோ அணைத்திருந்த டிவியைப் போட்டுப் பார்த்தான். பதிவு அப்போதும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

7

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஞானபூரணம் மாரிக்கண்ணனிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். ஜோஷ்வா கடைசியாக ஓட்டியது கம்ப்யூட்டரில் இருக்குமாமே, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் டிவியில் போட்டுக்காட்ட வேண்டும். இருப்பது அந்தப் பதிவு ஒன்றுதான்.

முடிவு ஒன்று: அழிந்துபோயிற்று என்று மாரிக்கண்ணன் பொய் சொல்கிறான். அவள் நம்பிக்கை பிழைக்கும். பிள்ளையின் கை கடைசியாக எங்கெங்கே திரும்பியது என்பது போய்விடும்.

முடிவு இரண்டு: போட்டுக்காட்டுகிறான். அதே திருப்பத்தில் அதே லாரி. இதை நாள்தோறும் பார்த்திருக்கிறோமே என்று அவளுக்கு

முடிவு மூன்று: அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் மகனுக்கு அந்தத் தனிமையை விட்டுக்கொடுத்தாள். எழுதியதும் இது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு தடவை படித்தேன். பிறகு கூசிப்போனேன். மாரிக்கண்ணனையும் என்னையும் காப்பாற்றிக்கொள்ள, மகனைப் பறிகொடுத்தவள் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டிவைக்கும் அயோக்கியத்தனம் அது.

(பெயரை மாற்றியது எதற்கும் உதவாது. இந்த ஊரில் இப்படி ஒரு டிவி ஒரே வீட்டில்தான் இருந்தது. இது அச்சானால் யாராவது அவளிடம் போய்ச் சொல்வார்கள். அப்படியானால் நான்காவது முடிவு நான்தான்.)

8

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாரிக்கண்ணன் அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தான். பொய் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினானாம். உள்ளே போனால், அந்த அம்மாள் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு டிவிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வண்டியில் ஒரு கேபிளை விட்டுவிட்டேன் என்று சாக்குச் சொல்லி வெளியே வந்திருக்கிறான்.

"என்னவே சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'எல்லாம் தச்சுக்கிட்டே பாத்ததுதான் தம்பி, ஒரு நாளும் ஒழுங்கா உக்காந்து பாக்கல. இன்னைக்காவது கண்ண எடுக்காம முழுசா பாக்கணும்'ங்காங்க அண்ணாச்சி."

போன் இன்னும் காதில் இருக்கிறது. அவன் காத்திருக்கிறான். என்னால் முடியவில்லை, நீங்கள் ஏதாவது சொல்லுங்கள்.