தென்மேற்கே ஐந்து மீட்டர்

அறுபத்து மூன்று பேரும் ஒரே திசையில் திருடியிருந்தார்கள்.

வைஜெயந்தி திரையை இன்னொரு முறை பார்த்தாள். வடக்கு அந்தமானில் திக்லிபூரைச் சுற்றியுள்ள பாக்குத் தோட்டங்களின் படம் அது. செயற்கைக்கோள் போன ஜனவரியில் எடுத்தது. அதன்மேல் மஞ்சள் கோடாக ஓடியது பழைய எல்லை வரைபடம். கோட்டைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்த தோட்டங்களைக் கணினி சிவப்புப் பட்டையாகக் காட்டியது.

எல்லாப் பட்டைகளும் தோட்டத்தின் மேற்கிலோ தெற்கிலோதான் இருந்தன. கிழக்கில் ஒன்றுகூட இல்லை. அகலம் மூன்றரை, நாலு, நாலே முக்கால். ஐந்து மீட்டருக்கு மேல் ஒருவரும் ஆசைப்படவில்லை.

திருடுகிறவன் ஏன் ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறான்?

அவள் கணினியிடம் கேள்வியைத் திருப்பிப் போட்டாள். கோட்டைத் தொடாமல் உள்ளே தள்ளி நிற்கும் தோட்டங்கள் எவை? இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. ஆக்கிரமிப்பைக் கண்டுபிடி என்றுதான் திட்டம். அவளும் அதை மட்டுமே கண்டுபிடிக்கச் சொல்லி நிரல் எழுதியிருந்தாள்.

பதில் வந்தது. ஐம்பத்தெட்டு.

கிழக்கிலும் வடக்கிலும் காடு உள்ள ஐம்பத்தெட்டு பேர், சொந்த நிலத்தில் நாலைந்து மீட்டரைக் காட்டுக்கு விட்டுக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். மேற்கே காடு இருந்தால் திருடன். கிழக்கே காடு இருந்தால் வள்ளல்.

வைஜெயந்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

போர்ட் பிளேரின் டெலானிபூர் மேட்டிலிருந்த அந்த அலுவலகத்தில் திட்ட இயக்குநர் பக்தவத்சலத்தின் அறை கடைசியில் இருந்தது. சென்னைக்காரர். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி.

"படம் பொய் சொல்லாதும்மா" என்றார், அவள் முடிப்பதற்குள்.

"படத்தை நான் சந்தேகப்படலை சார். எல்லாரும் எப்படி ஒரே பக்கமா போவாங்க?"

"மேற்குப் பக்கம் வாஸ்து நல்லா இருக்கோ என்னவோ."

"சார், கிண்டல் பண்ணாதீங்க. நான் ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன்."

"எப்போ? லிஸ்ட் போன வாரமே வனத்துறைக்குப் போயாச்சு. நோட்டீஸ் ஒட்டியாச்சு. வெள்ளிக்கிழமை மொதல் வரிசை மரத்தை வெட்டப் போறாங்க. திங்கட்கிழமை உனக்கு இன்டர்வியூ. இதை வச்சுத்தான் நீ போர்டு முன்னாடி நிக்கணும். இப்போ போய் அதையே நோண்டுறியே, பாகல் ஹோ க்யா? பைத்தியமா உனக்கு?"

இருபது வருடத் தீவு வாசத்தில் அவர் கற்ற இந்தி, கோபத்தில் மட்டும் வெளியே வரும்.

அவர் சொன்னது உண்மைதான். நிரந்தர வேலை ஒன்றே ஒன்று. போட்டியில் மூன்று பேர். வைஜெயந்தியின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. பக்கத்துப் புரோத்ராபூரில் பிறந்து, மெயின்லேண்ட் போய் ரிமோட் சென்சிங் படித்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே மண்ணின் ஈரத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டவள். இந்த வேலை போனால் தீவில் அவளுக்கு வேறு நாற்காலி கிடையாது. திக்லிபூர் அறிக்கைதான் அவளது துருப்புச்சீட்டு.

அதில் அவளுக்கே புரியாத ஒன்று இருக்கிறது.

புதன்கிழமையிலிருந்து மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு, மஞ்சள் பெட்டியில் இருந்த ஜி.பி.எஸ். அளவுக் கருவியையும் முக்காலியையும் வாங்கிக்கொண்டாள். போனில் இருக்கும் ஜி.பி.எஸ். ஐந்து மீட்டரைத் தின்று ஏப்பம் விடும். இது ஒரு விரற்கடை பிசகினாலும் சொல்லிவிடும்.

புதன்கிழமை விடியற்காலை கிளம்பி, பன்னிரண்டு மணி நேர பஸ். கண்டக்டர் முக்காலியைப் பார்த்துவிட்டு, "மேடம், ஷூட்டிங் ஹை க்யா?" என்றான். அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. பட்டியலில் முதல் பெயர் ஒச்சப்பன். உசிலம்பட்டியிலிருந்து ரோடு போடும் வேலைக்கு வந்து, சொர்ணம்மாவைக் கட்டிக்கொண்டு, மாமனாரின் பாக்குத் தோட்டத்தோடு திக்லிபூரிலேயே தங்கிவிட்டவர். ஐம்பது வயதிருக்கும். தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு மரத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவர் அதன்மேலேயே சட்டையைக் கழற்றி மாட்டியிருந்தார்.

"யாரு?"

"போர்ட் பிளேர்ல இருந்து வரேன் அண்ணே. சாட்டிலைட் படம் பாத்து லிஸ்ட் போட்டது நான்தான்."

ஒச்சப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ சொர்ணம்! ஆகாசத்துல இருந்து எட்டிப் பாத்தாகளே, அந்த மேடம் வந்திருக்காக. காப்பித்தண்ணி கொண்டா!"

வைஜெயந்தி சிரிக்கவில்லை. "உங்க எல்லை எது அண்ணே?"

"இத்தனை ஒசரத்துல இருந்து பாத்தீகளே, கீழ கெடக்குற கல்லு கண்ணுக்குப் படலையாக்கும்?"

தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு படாக் மரம். அதன் வேர்களுக்கு இடையில் வனத்துறையின் எல்லைக் கல். பாதிக் கல்லை வேர் விழுங்கியிருந்தது. மீதியில் 27 என்று எண். வேலி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது.

"நான் இந்தக் கல்ல நகத்துனேன்னு சொல்றீகளா? நகத்தணும்னா மரத்தையும் சேத்துல்ல நகத்தணும்!"

மேலிருந்து பார்த்தால் மரக்கிளைதான் தெரியும். கல் தெரிய வழியே இல்லை. வைஜெயந்தி முக்காலியை விரித்து, கருவியைக் கல்லுக்கு நேர் மேலே நிறுத்தினாள்.

"ஒரு மணி நேரம் யாரும் தொடக்கூடாது அண்ணே."

"ஒரு மணி நேரமா? போட்டா எடுக்கவா?"

"ஆகாசத்துல இருக்கிற சாட்டிலைட்டுங்க இதுகிட்ட பேசும். எந்த இடத்துல நிக்கிறோம்னு துல்லியமா சொல்லும்."

"அதுகதான் ஏற்கெனவே என்னைப் பத்திப் புறணி பேசிருச்சுகளே" என்றார் ஒச்சப்பன்.

சொர்ணம்மா வரக்காப்பி கொண்டுவந்தாள். டம்ளரைக் கொடுத்தவள் அங்கேயே நின்றாள்.

"நாங்க தாண்டலைன்னு தெரிஞ்சா உனக்கு என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காதுக்கா. இருக்கிற வேலையும் போகலாம்."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"என்னன்னு தெரிஞ்சுக்கணும். தூக்கம் வரலை."

சொர்ணம்மா கணவனைப் பார்த்தாள். ஒச்சப்பன் மரத்திலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் ஆனது. கருவி எண்களைக் கொடுத்தது. வைஜெயந்தி பையிலிருந்து 1998-ஆம் வருடத்துத் தாள்கட்டு ஒன்றை எடுத்தாள். மெயின்லேண்டிலிருந்து வந்த குழு ஒன்று ஒவ்வொரு எல்லைக் கல்லையும் அளந்து எழுதிவைத்த பட்டியல். மஞ்சள் கோடு அதிலிருந்து பிறந்ததுதான். கல் எண் 27-ஐத் தேடிக் கழித்துப் பார்த்தாள்.

5.1 மீட்டர். தென்மேற்கு.

"என்னத்தா சொல்லுது?"

"கல்லே அஞ்சு மீட்டர் காட்டுக்குள்ள நிக்குது அண்ணே."

ஒச்சப்பனுக்குச் சிரிப்பு வெடித்தது. "அப்பக் கல்லுக்கும் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்க! அதுக்கு மட்டும் என்ன சலுகை?"

கருவி கெட்டுவிட்டதா? ஒரே ஒரு கல்லை வைத்து எதையும் சொல்ல முடியாது. அவளுக்கு ஒரு வள்ளலின் கல் வேண்டும்.

"அக்கா, கடற்கரைப் பக்கம் நாப்பத்தொண்ணாம் கல்லு. கிழக்கே காடு இருக்கிற தோட்டம். எப்படிப் போறது?"

"ஏறு பின்னாடி" என்றாள் சொர்ணம்மா. ஸ்கூட்டரின் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

முக்காலியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, எதிரில் வந்த ஆட்டோவின் வசவை வாங்கிக்கொண்டு, அரை மணியில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேயும் கல் மண்ணில் உறுதியாகப் புதைந்து நின்றது. அங்கேயும் ஒரு மணி நேரம்.

5.1 மீட்டர். தென்மேற்கு.

இந்தக் கல் நகர்ந்தால் நிலம் சுருங்கியதுபோல் தெரியும். அந்தக் கல் நகர்ந்தால் விரிந்ததுபோல் தெரியும். திருடனும் இல்லை, வள்ளலும் இல்லை. ஒன்று, 1998-இல் வந்தவர்கள் மொத்தமாகத் தப்பாக அளந்திருக்க வேண்டும். அல்லது...

அந்த 'அல்லது'வுக்கு அப்பால் அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை.

கருவியை மடக்கிக்கொண்டே கடலைப் பார்த்தாள். கரைக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு மேலே, சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட திட்டு. பாறை இல்லை. செத்துப்போன பவளம்.

"பவளம் எப்படிக்கா தண்ணிக்கு வெளிய நிக்குது?"

"சுனாமி வந்துச்சுல்ல, அந்தப் பூகம்பத்தன்னைக்கு மேல வந்தது. அதுக்கு முன்னாடி அது மேலதான் படகு போகும். அன்னைக்கு ஆட்டம் நின்னு பாத்தா, கரையே ஒரு இடுப்பு ஒசந்து போச்சு."

வைஜெயந்தி மடக்கிய முக்காலியைக் கீழே வைத்தாள்.

அவள் ஊரில் அதே நாளில் மண் அமிழ்ந்தது. அப்போது நாலு வயது. புரோத்ராபூருக்குக் கீழே வயல்களில் ஏறிய கடல் இறங்கவே இல்லை. பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அந்த உப்புத் தண்ணீரைப் பார்த்துத்தான் வளர்ந்தாள். அங்கே மண் இறங்கியது. இங்கே ஏறியது. தீவில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் தண்ணீரை வைத்தே பூகம்பத்தை அளந்தார்கள். ஏறினால் தெரியும். இறங்கினால் தெரியும்.

பக்கவாட்டில் போனால்?

நாமும் சேர்ந்து போனால் யாருக்குத் தெரியும்?

போனை எடுத்துத் தேடினாள். பத்து நிமிடத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அகப்பட்டது. பூகம்பத்துக்கு முன்னும் பின்னும் விஞ்ஞானிகள் திக்லிபூரில் அளந்திருந்தார்கள். கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். தென்மேற்கு. இருபது வருடமாக அது அங்கேயே கிடந்தது. எல்லைக் கோட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பழைய தாள்கட்டின் அட்டையில் 1998 என்று கொட்டை எழுத்தில் இருந்தும், 2004-க்கு முந்தியது என்று அவளுக்கே உறைக்கவில்லை.

பக்தவத்சலத்துக்குப் போன் போட்டாள்.

"சார், தப்பு என்னோடது. கோடு பூகம்பத்துக்கு முன்னாடி போட்டது. அது பழைய இடத்துலயே நிக்குது. தீவு நகந்துடுச்சு."

"என்னம்மா சொல்றே? தீவு நகந்துடுச்சா?"

"அஞ்சு மீட்டர் சார். கல்லு, மரம், வேலி, மாட்டுக் கொட்டகை, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு."

அவர் குரல் தாழ்ந்தது. "சரி, இப்படிப் பண்ணு. நான் வனத்துறைல நாலஞ்சு நாள் தள்ளி வைக்கச் சொல்லிப் பாக்குறேன். திங்கட்கிழமை உன் இன்டர்வியூ முடியட்டும். செவ்வாய்க்கிழமை லிஸ்டைத் திருத்திக்கலாம்."

"நாளைக்கே வெட்டிட்டாங்கன்னா?"

"கேப்பாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"உறுதியா சார்?"

மறுமுனையில் அவர் நாற்காலி கிரீச்சிட்டது.

"பாக்கு காய்க்க ஆறேழு வருஷம் ஆகும் சார். வெட்டினதைத் திருத்த முடியாது. நான் மெயில் போடறேன்."

"உன் பேர்ல போடுவியா? திங்கட்கிழமை எதைக் காட்டுவே?"

"தெரியலை சார்."

திக்லிபூர் பஜாரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். எட்டு வரி. பட்டியல் தவறானது, தவறு என்னுடையது, அறுபத்து மூன்று பேரும் எல்லையைத் தாண்டவில்லை, ஆதாரம் இணைப்பில். வனத்துறைக்கு அனுப்பினாள். போர்டின் மூன்று பேருக்கும் நகல் போட்டாள். அனுப்பிய பிறகு ஆறிப்போன டீயைக் குடித்தாள். சர்க்கரை போட மறந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ரம்பத்தோடு யாரும் வரவில்லை. வன அலுவலகத்து ஆள் ஒருவர் மட்டும் வந்து நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு போனார். ஒச்சப்பன் மூட்டை நிறையத் தேங்காயைக் கட்டி பஸ்ஸின் மேலே ஏற்றினார். வைஜெயந்தி வேண்டாம் என்றாள். "ஆகாசத்துக்கு அனுப்பல, உனக்குத்தான்" என்றார்.

திங்கட்கிழமை. திரையில் போர்டின் மூன்று முகங்கள். டேராடூன், ஹைதராபாத், டெல்லி.

வைஜெயந்தி சிவப்புப் பட்டைகளைக் காட்டவில்லை. நூற்று இருபத்தொரு தோட்டத்துக்கும் ஆளுக்கொரு அம்புக்குறி போட்டிருந்தாள். எல்லாம் ஒரே நீளம். எல்லாம் தென்மேற்கு. பார்த்ததும் நடுவில் இருந்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தத் தவறு நீங்கள் செய்ததா?"

"ஆமாம் மேடம்."

"பட்டியல் அனுப்புவதற்கு முன் நேரில் போய் எத்தனை கல்லைச் சோதித்தீர்கள்?"

"ஒன்றுகூட இல்லை."

வலது பக்கத்து முகம் எதையோ எழுதியது. நல்ல எழுத்தாகத் தெரியவில்லை.

"கார் நிக்கோபார் தீவு எவ்வளவு நகர்ந்தது?" என்றார் அந்தப் பெண்மணி.

"கட்டுரையில் ஒரு எண் இருக்கிறது மேடம். ஒரே ஒரு இடத்தில் அளந்தது. ஒரு தீவு முழுவதும் ஒரே மாதிரிதான் நகர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. யாராவது போய் ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்."

வியாழக்கிழமை பக்தவத்சலம் அவளைக் கூப்பிட்டார். கையில் ஒரு தாள்.

"நிரந்தர போஸ்ட் போட்டியில இருந்த ஹைதராபாத் பையனுக்குப் போயிடுச்சு. சோதிக்காம லிஸ்ட் அனுப்பினேன்னு நீயே சொன்னதை அப்படியே எழுதியிருக்காங்க. மறைக்கிறதுக்கில்லை."

வைஜெயந்தி தலையை ஆட்டினாள். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்.

"இரு, இன்னும் முடிக்கலை. ரெண்டாவது பாரா. தீவுகள்ல இருக்கிற பழைய எல்லைக் கல்லு, சர்வே கல்லு எல்லாத்தையும் திரும்ப அளக்கணுமாம். அதுவரைக்கும் பழைய கோட்டை வச்சு யாருக்கும் நோட்டீஸ் கூடாதாம். அதுக்கு ஒரு ஆள். ரெண்டு வருஷ ஒப்பந்தம். பேரையும் அவங்களே எழுதிட்டாங்க."

அவள் தாளை வாங்கிப் படித்தாள். தன் பெயரை இரண்டு முறை படித்தாள்.

"எத்தனை கல்லு சார்?"

"நானூத்திப் பதினாறு. ரெண்டு குறைச்சுக்கோ, நீ அளந்துட்டே. கார் நிக்கோபார்ல ஆரம்பி. புதன்கிழமை கப்பல்." பக்தவத்சலம் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "மொதல் கல்லு அளந்த உடனே எனக்கு போன் பண்ணு. ராத்திரி, பகல் பாக்காதே. அது எந்தப் பக்கம் போயிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."