பல்செட் டப்பாவில் மிட்டாய்

நான் பல்செட் செய்கிறவள். மெழுகில் பல்லைப் பதித்து, அரத்தால் ராவி, மெருகு போடுகிற வேலை. யாருடைய வாயையோ கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசாமல் இருக்கலாம். பத்து வருஷம் அப்படி உட்கார்ந்திருந்ததில் சர்க்கரையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதை எழுப்பி விரட்டத்தான் சைக்கிள் வாங்கினேன். வாங்கிய பிறகு சைக்கிள் மேலேயே ஆசை வந்துவிட்டது.

ஊரை ஒட்டிய பெரிய ஏரியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை. போன தடவை பாதியிலேயே கால் துவண்டு திரும்பிவிட்டேன்.

"வண்டி மிதிச்சா அது ஒரு பக்கம் சர்க்கரையை இறக்கும், நீங்க போடுற மாத்திரை ஒரு பக்கம் இறக்கும்" என்றார் மருத்துவர். "பசி எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா வாயில போட்டுக்கிட்டே போங்க." வண்டி ஓட்டும் நாளுக்கு மாத்திரையின் அளவையும் குறைத்துக் கொடுத்தார்.

பட்டறையில் மிச்சமிருந்த பல்செட் டப்பா ஒன்றில் சிவப்பு மிட்டாய்களை நிரப்பி, சைக்கிள் பையில் போட்டு வைத்தேன். இதை வீட்டில் சொல்லவில்லை. மறைக்கும் எண்ணம் இல்லை. எங்கள் வீட்டில் எதையும் சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் வர வேண்டும். அது வரவில்லை.

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவரும் என்னைப் போலத்தான். சொல்ல மாட்டார், செய்துவிடுவார். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே அடுப்படியிலிருந்து சீனி டப்பா காணாமல் போனது. எங்கே என்று நான் கேட்கவில்லை.

இந்தத் தடவை தன் சைக்கிளில் துணைக்கு வந்தவள் என் நாத்தனார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். வாய் ஓயாது.

"அண்ணி, ஓரமா வாங்க! பள்ளம்! பிரேக்கைத் தொடாதீங்க!"

"நான் உன் மாணவி இல்லம்மா."

"என் மாணவிங்க இதைவிட நல்லா ஓட்டுவாங்க."

காலை வெயில் இதமாக இருந்தது. கிளம்பும்போது ரொட்டி சாப்பிட்டிருந்தேன். வழியில் இரண்டு தடவை நின்று வாழைப்பழம். நடுநடுவே மிட்டாய். எல்லாம் சொன்னபடிதான் செய்தேன். எதிர்க்கரைக்குப் போனதும் காற்று நேராக முகத்தில் அறைந்தது. அதை எதிர்த்து மிதித்து முக்கால் சுற்றைத் தாண்டியபோது முதுகில் வியர்வை சில்லென்று இறங்கியது. கை நடுங்கியது. இரண்டு மிட்டாயைப் போட்டுக் கடித்தேன். மேலும் இரண்டு. ஏனென்று தெரியாமல் நாத்தனார் மேல் கோபம் கோபமாக வந்தது. சர்க்கரை ரொம்ப இறங்கினால் இப்படித்தான் கோபம் வரும். அப்போதுதான் எனக்கே பயம் தட்டியது. இறங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். உடனே ஸ்பீக்கரில் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அண்ணிக்கு நடுக்கமா இருக்கு. டப்பா மிட்டாயைத் தின்னுக்கிட்டே இருக்காங்க, ஒண்ணும் கேக்கல."

"மிட்டாயைப் பத்திப் பயப்படாதே" என்றார் அவர், ரொம்பப் பெருமையாக. "அதுல சர்க்கரையே கிடையாது. அதே நெறத்துல, அதே இனிப்புல நான்தான் மாத்தி வச்சேன்."

என் நாத்தனார் வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். மறுநொடி, "அடப்பாவி அண்ணா! வண்டியை எடுத்துக்கிட்டு வா!" என்று கத்திவிட்டு, படகுத்துறைக் கடைக்கு ஓடி இனிப்புப் பானம் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். குடித்தேன். உலகம் மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்தோம். ஏறத் தொடங்கியிருந்தது. அது மறுபடி இறங்காமல் நிற்க, பையிலிருந்த மிச்ச ரொட்டியையும் தின்னச் சொன்னாள்.

அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் கயிறு. சைக்கிளைக் கட்டி ஏற்றிப் போவதற்கு. பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் தண்ணீரைப் பார்த்தோம். வழக்கமான மௌனம்தான். அவர் கயிற்றை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"ஊமைப் படமா ஓட்டுறீங்க? யாராவது வாயைத் திறங்களேன்" என்றாள் நாத்தனார்.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். "நீ திருட்டுத்தனமாத் தின்னுறேன்னு நெனச்சேன். கேட்டா மனசு சங்கடப்படுவியேன்னு..."

"நீங்க கேட்டிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம்."

"இப்பச் சொல்லு. டாக்டர் என்ன சொன்னாரு? ஒண்ணு விடாமச் சொல்லு."

சொன்னேன். மாத்திரை, மிதி, மிட்டாய், காற்று. அவர் சந்தேகம் கேட்டார், நான் திரும்பச் சொன்னேன். எங்கள் வீட்டில் ஒரு மாதம் ஓடக்கூடிய பேச்சு அந்தப் புல்லிலேயே செலவாகிவிட்டது. பிறகு மறுபடி குத்திப் பார்த்தோம். இறங்காமல் நின்றிருந்தது. நடுக்கம் சுத்தமாகப் போயிருந்தது.

நான் கயிற்றைப் பார்த்தேன். "இன்னும் கால் சுத்துதாங்க பாக்கி."

அவர் கயிற்றைச் சுருட்டி ஸ்கூட்டரில் வைத்தார். பிறகு தங்கையிடம், "உன் சைக்கிளைக் குடு. நான் கூடப் போறேன்" என்றார்.

"உன் தொப்பைக்கா? அண்ணி, இவரை யாரு பார்த்துக்கிறது?" என்று சிரித்தபடி அவள் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, இன்னொரு பாட்டிலை என் பையில் திணித்தாள்.

அந்தச் சைக்கிள் அவருக்குக் குட்டை. முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிய, புஸ்புஸ்ஸென்று மூச்சுவிட்டபடி வந்தார். நான் அவசரப்படவில்லை. கொஞ்சம் மிதிப்பதும், ஒரு மடக்குக் குடிப்பதும், உடம்பைக் கேட்டுப் பார்ப்பதுமாகப் போனேன். மேட்டில் அவர் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். "நீ போ, நீ போ" என்று கையை வீசினார்.

நாங்கள் காலையில் கிளம்பிய மதகு வந்தது. அதன் இரும்புச் சக்கரத்தை எட்டித் தொட்டேன். வெயிலில் சுட்டது. கையை எடுக்க மனம் வரவில்லை.

தூரத்தில் அவர் குட்டைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாய் அசைந்தது. காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்கலீங்க! சத்தமாச் சொல்லுங்க!"

அவர் நின்றார். சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையையும் வாயருகில் குவித்து, ஏரியில் படகு விட்டவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"முழுசாச் சுத்திட்டியாடீ?"