வேண்டாம் என்று சொன்ன வரி

...அந்த ஒரு வரியைப் போட்டுத் தொலைத்திருக்கலாம், ஒரே ஒரு வரி, அதற்கு தேவேந்திரன் கூடுதலாகக் காசுகூடக் கேட்கவில்லை, பத்திரம் எழுதுகிறவர்களில் கொஞ்சம் மனசாட்சி உள்ள மனுஷன், போன வாரம் வீட்டுக்கே வந்து கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "சபாபதிண்ணே, அப்பா அம்மாவ கடைசி வரைக்கும் வெச்சிப் பாத்துக்கணும்னு ஒரு வரி சேத்துடட்டுமா? அது இருந்தாதான் நாளைக்கு ஒண்ணுன்னா ரெவின்யூ ஆர்.டி.ஓ.கிட்ட போயி ரத்து பண்ண முடியும், இல்லன்னா வீட்ட குடுத்தது குடுத்ததுதான்." பக்கத்தில் சம்பந்தி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவர் எதிரில் சொந்தப் பிள்ளையைச் சந்தேகப்பட முடியுமா... "இன்னாபா, எம் புள்ளைக்கே கண்டிஷனா? அவன் போடற சோத்துக்கு டிக்கெட்டு கிழிக்கச் சொல்றியா?" என்று சபாபதி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், காப்பி வந்தது, வரி வரவில்லை. முப்பத்தொரு வருஷம் கண்டக்டர், வாலாஜாபாத் வண்டியில் போலீஸ்காரனையே பாஸை எடுத்துக் காட்டு என்று கேட்டவர், பெற்ற பிள்ளையிடம் ஒரு வரி கேட்க வெட்கப்பட்டுவிட்டார், நல்லா இருக்குதுபா உன் வீரம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பத்திரப்பதிவு ஆபீஸ் பெஞ்சில் இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் மகன் லோகேஷ், நடுவில் மனைவி ஜெயம்மாள், அவள் வலது கை மடியில் தன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருக்கிறது, நாலு வருஷமாக இந்த நடுக்கம், இப்போது படுக்கையில் தானாகப் புரளவும் முடியவில்லை. போன மாசம் குளியலறையில் தூக்கி நிறுத்தப் போய் இரண்டு பேரும் விழுந்து, பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தது... "வந்ததுக்குக் குளிச்சிட்டாவது போலாமா?" என்று இவர் கேட்டார், அவள் சிரித்தாளோ என்னவோ, நோய் வந்ததிலிருந்து முகம் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்துக் கிடக்கிறது, உள்ளே நடப்பது எதுவும் வெளியே தெரிவதில்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது, எழுபத்து மூன்று வயதில் இவரால் அவளைத் தூக்க முடியாது, முதியோர் இல்லத்தில் மாசம் முப்பத்தைந்தாயிரம் கேட்கிறார்கள், பென்ஷன் அதில் பாதிக்கு வரும், மிச்சத்துக்கு இருப்பது வீடு ஒன்றுதான், அதுவும் ஜெயம்மாளின் அப்பா தறி ஓட்டிச் சேர்த்துப் பெண் பேருக்கு எழுதிவைத்த வீடு. "வீடு எம் பேருக்கு வந்தாதாம்பா பேங்க்ல லோன் தருவான், கீழயே ரூம் கட்டி அம்மாவுக்கு ராப்பகலா ஆள் போட்டுடலாம்," என்றான் லோகேஷ்.

போடுவான், ஏன் போடமாட்டான், காலையில்கூட அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டுத்தான் காரில் ஏற்றினான், நல்ல பையன்... ஆனால் இவரோடு வண்டி ஓட்டிய டிரைவர் தாமல் குமாரவேலுடைய மகனும் நல்ல பையன்தானே, வீட்டை எழுதிக் கொடுத்த மறுவருஷமே அப்பனுக்கு மாடிப்படிக்கு அடியில் கட்டில், தலையை நிமிர்த்தினால் இடிக்குமாம். லோன் தவணை கழுத்தை நெரிக்கும்போது ஆள் எதற்கு என்று தோன்றாதா? அப்போது யாரிடம் போய் நிற்பது, இவர் முந்திப் போய்விட்டால் இவளை யார் புரட்டிப் படுக்கவைப்பது? இப்போதுகூடக் கேட்டுவிடலாம், வாயைத் திறந்தால் போதும், "லோகேசு..." "இன்னாபா?" "ஒண்ணுமில்ல, தண்ணி இருக்குதா?" பாட்டிலை நீட்டினான், தாகமே இல்லாமல் பாதி பாட்டில் குடித்தார், அதற்குள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி ஒரு பெண், முப்பது வயது இருக்கும், ஜெயம்மாளைக் கேமராவைப் பார்க்கச் சொல்லிப் படம் பிடித்தார், கை ஆட்டம் நிற்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்து விரலை மெஷினில் வைத்தார், பேர் கேட்டார், ஜெயம்மாள் மெல்லச் சொன்னாள். "இந்த வீட்டை உங்க பையனுக்கு நீங்களா விரும்பித்தானே குடுக்கிறீங்கம்மா? யாரும் வற்புறுத்தலையே?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. ஜெயம்மாள் லோகேஷைப் பார்க்கவில்லை. கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இவரைப் பார்த்தாள். என்னை எதற்குப் பார்க்கிறாள், நான் என்ன செய்தேன்... லோகேஷ் லோன் என்று கேட்டது இவரிடம், தேவேந்திரன் வரியைச் சேர்க்கட்டுமா என்று கேட்டது இவரிடம், வேண்டாம் என்று சிரிப்புக் காட்டியவரும் இவர், அவள் அப்போது பக்கத்து அறையில் கட்டிலில்தானே படுத்திருந்தாள், காது நன்றாகக் கேட்கும், வீடு அவளுடையது, அவளிடம் யார் கேட்டது? ஒருத்தரும் இல்லையா? காலையிலிருந்து பயந்ததெல்லாம் மகனை நினைத்துத்தான், அவளும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தால், அந்தப் பயம் யாரை நினைத்து...

"சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி மறுபடியும். அவள் இவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.