முதலாளியம்மாவின் கன்னம்

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. ஒரு ஸ்டூடியோவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். போட்டோக்காரர் கம்ப்யூட்டரில் என் முகத்தைப் பெரிதாக்கி, "கன்னத்து மச்சம் இருக்கட்டுமா, எடுத்துரட்டுமா?" என்றார். எடுங்கள், இதையெல்லாம் கேட்பானேன் என்றேன்.

"முன்னெல்லாம் கேக்கமாட்டேன் சார். இப்ப கேட்டுட்டுத்தான்."

ஏன் என்று கேட்டுத் தொலைத்தேன். (எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்காது.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: மாலை வெயில் ஜன்னல் வழியாகத் தொட்டிலின் மேல் விழுந்தபோது, அந்தப் பிஞ்சு முகம்

அடித்துவிட்டேன். போட்டோக்காரர் வீட்டில் தொட்டிலே கிடையாது. அவருடைய பெண் குழந்தை ஹாலில் ஒரு கெட்டி மெத்தையில், பக்கத்தில் சளி உறிஞ்சும் மெஷினோடு படுத்திருந்தாள். பிறந்த சில வாரங்களிலேயே கைகால் துவண்டுவிட்டது. அப்பா அம்மா இருவரிடமும் ஆளுக்கொன்றாக, அவர்களுக்கே தெரியாமல் இருந்த மரபணுக் குறை இவளிடம் வந்து ஜோடி சேர்ந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். நன்றாக அசைந்தது கண் மட்டும்தான். அந்தக் கண் போதும். அவள் ஃபேனைப் பார்த்தால் ஃபேன் ஓட வேண்டும். அப்பாவைப் பார்த்தால் அப்பா ஓட வேண்டும். படுத்த இடத்திலிருந்தே வீட்டை ஆட்டிவைத்ததால் முதலாளியம்மா என்று பட்டப்பெயர்.

முதல் பிறந்தநாளுக்கு முன்பே போய்விட்டாள்.

3

மூக்குக் குழாயைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. அழகான குழந்தையாகவே உங்கள் மனதில் உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன். போட்டோக்காரர் செய்ததும் அதுதான்.

விழுங்க முடியாததால் அவளுக்கு மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய். பால் அதில்தான் இறங்கும். அது நழுவாமல் கன்னத்தில் பிளாஸ்திரி. அம்மாக்காரி அதை வெறுமனே ஒட்டமாட்டார். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் கத்தரிக்கோலால் ஓர் உருவம் வெட்டுவார். மீன், இலை, பிறை. ஒருமுறை யானை, பார்த்தவர்கள் எல்லோரும் பன்றி என்றார்கள்.

அப்பாவோ, படம் எடுத்த கையோடு குழாயையும் பிளாஸ்திரியையும் துடைத்து, பழைய படத்தின் மேலேயே சேவ் செய்துவிடுவார். ஊரார் முகத்துப் பருவையெல்லாம் வருஷக்கணக்காகத் துடைத்துப் பழகிய கை. மகளின் படத்தைப் பார்த்து யாராவது "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினால் அவரால் தாங்க முடியாது.

4

அவள் போன பிறகு, அவளுடைய நல்ல படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனார். மனைவி படத்தைப் பார்த்ததும் கதறி

இல்லை, கதறவில்லை. போட்டோக்காரர் சொன்னபடியே எழுதிவிடுகிறேன்.

"யார் பிள்ளைங்க இது?"

"என்னம்மா இப்படிக் கேக்கிற? நம்ம முதலாளியம்மா."

"அவ கன்னத்துல நான் ஒட்டினது எங்க?"

"அது சும்மா டச்சப். நல்லா இருக்கட்டுமேன்னு..."

"அவ நல்லாத்தான் இருந்தா. நீங்கதான் பாக்கல."

[இந்த மனைவிமேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. துக்கத்தில் இவ்வளவு கச்சிதமாக யாராவது பேசுவார்களா? ஆனால் நான் கேட்டது புருஷன் வாயிலிருந்து. வலித்ததை மட்டும் அவர் ஞாபகம் வைத்திருக்கலாம்.]

அழித்ததைத் திரும்ப வரையப் பார்த்தார். குழாய் சுலபமாக வந்துவிட்டது. பிளாஸ்திரியில்தான் கை நின்றது. அன்றைக்கு என்ன உருவம்? தோராயமாக ஒரு பிறையை வைத்துக் காட்டினார்.

"அன்னிக்குப் பிறை இல்ல," என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டார்.

5

முடிவு ஒன்று: அலமாரிக்குப் பின்னாலிருந்து பழைய மெமரி கார்டு ஒன்று கிடை

கிடைக்கவில்லை. சல்லடை போட்டுத் தேடியாயிற்று.

முடிவு இரண்டு: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், வெளியே மழை. இதை நீங்களே அடித்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். மனைவி சட்டத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். மிச்சமிருந்த பிளாஸ்திரிச் சுருளையும் கத்தரிக்கோலையும் எடுத்துவந்தார்.

"கண்ணாடி மேலயே ஒட்டப்போறேன். அன்னிக்கு என்ன இருந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க, வெட்டுறேன். சொல்லத் தெரியலன்னா இந்தப் படம் நம்ம சுவத்துக்கு வேணாம்."

"அப்புறம்?" என்றேன் நான், நாகரிகம் இல்லாமல்.

"யோசிச்சுக்கிட்டே இருக்கேன் சார். ஏதோ ஒண்ணைச் சொல்லி ஏமாத்த மனசு வரல. வீட்டுக்காரியும் காத்துக்கிட்டுதான் இருக்கா."

மீன் என்று எழுதி முடித்துவிடக் கை பரபரக்கிறது. உங்களுக்கும் ஏதாவது ஒன்று தோன்றியிருக்கும். தயவுசெய்து எடுத்துக்கொடுக்காதீர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், முதல் தடவையாகக் குழாயோடு.