கொக்குக்கு எட்டும் தூரம்

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்து ஆய்வகம் ஒன்றில் தேவமலர் வரைபடமொன்றுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். அது ஆப்பிரிக்க நாடொன்றின் ஆற்றோர மாவட்டம். அனைவருக்கும் மருத்துவம் என்று அந்நாடு ஏற்ற உறுதி அம்மாவட்டத்தில் எவ்வளவு நிறைவேறியிருக்கிறது என்று அளந்து சொல்வது, யாழ்ப்பாணப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்து வளர்ந்த அவளுடைய வேலை. சுகாதார நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்கள் பச்சை; மற்றவை சிவப்பு. சிவப்பு ஊர்களுக்கே அடுத்த ஆண்டு புதிய நிலையங்கள் கட்டப்படும். மக்களில் நூற்றுக்கு எண்பத்தொருவர் பச்சைக்குள் வந்துவிட்டனர். இலக்கு எண்பது.

அறிக்கை மறுநாள் போக வேண்டும். ஆற்றங்கரைச் சுகாதார நிலையமொன்றின் பிரசவப் பதிவேட்டைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தவள், எதிர் மேசையிலிருந்த சுதீரை அழைத்தாள். சென்னையிலிருந்து வந்த அவன்தான் திட்டத்தின் பொறுப்பாளன்.

"சுதீர், இதை ஒருக்காப் பாருங்கோ. பச்சையில இருக்கிற இந்த மூண்டு ஊரிலயும் டிசம்பர் தொடக்கம் மார்ச் வரைக்கும் ஒரு பிள்ளையும் பிறக்கேல்லை. மூண்டு வருசமா."

"ஃபேமிலி பிளானிங் சூப்பரா நடக்குது போல."

அவள் சிரிக்கவில்லை. அங்கே மழைக்காலமான அந்த மாதங்களின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து காட்டினாள். நிலையத்துக்கும் அவ்வூர்களுக்கும் நடுவே ஆறு இரு கரைகளையும் விழுங்கிப் பரந்து கிடந்தது. பாலம் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால். அவர்களோ தூரத்தை நேர்கோடு போட்டு அளந்திருந்தார்கள். நோயுற்ற கொக்கொன்று மருத்துவரைத் தேடிப் புறப்பட்டால் அந்தக் கணக்கு அதற்கு மிகச் சரியாகப் பொருந்தும். இடுப்பு வலி கண்ட பெண்ணுக்குப் பொருந்தாது.

"ரோடு வழியா அளந்தா எவ்வளவு வருது?"

"எழுபத்தாறு."

சுதீர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "எண்பத்தொண்ணுன்னு போன வாரமே அந்த நாட்டு அமைச்சகத்துல சொல்லிட்டேன், மலர். இலக்கை எட்டினதுக்கு அவங்க விழா நாள் குறிச்சாச்சு. அடுத்த ரிப்போர்ட்ல திருத்திக்கலாமே?"

"ஏலாது. இப்ப பச்சையெண்டு போனால் அந்த ஊருகளுக்குக் கட்டடம் வராது. இன்னொரு மழைக்காலமும் போயிடும்."

"நீங்க அந்தப் பதிவேட்டைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்."

"பாத்திட்டனே."

சுதீர் நாற்காலியை மேசைக்கு இழுத்தான். "சரி, எழுபத்தாறுன்னு அமைச்சகத்துக்கு லெட்டரை நானே எழுதுறேன். திட்டு வாங்கறதுக்கும் ஒரு பொறுப்பாளர் வேணும்ல."

மறுவாரம் பதில் வந்தது. விழா நிறுத்தப்பட்டது. மூன்று ஊர்களுக்கும் பொதுவாக, அவர்கள் கரையிலேயே ஒரு நிலையம் கட்டுமானப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. அதே ஆறு பாயும் மற்ற நான்கு மாவட்டங்களையும் சாலை வழியே அளந்து தரும்படி கேட்டிருந்தார்கள். நன்றி என்ற சொல் எங்கும் இல்லை.

"நாலு மாவட்டமா?" என்றான் சுதீர்.

"ஓம். கடைசித் திகதியும் போட்டிருக்கினம்."